மாடிக்கு ஏறிய மேசை

பிப்ரவரி 7, 2025, வெள்ளி. மரக்காணம்

இடம் பார்த்தாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி, உப்பளங்களுக்கு நடுவே போகும் மண் பாதையின் கடைசியில் வீடு. தாண்டினால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். வீட்டுக்காரர் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் ஒரு பழைய கிளப் கைமாற்றிவிட்ட முழு அளவு பில்லியர்ட்ஸ் மேசையை வாங்கியிருக்கிறார். அதைக் கழற்றி, இங்கே கொண்டுவந்து நிறுத்தித் தர வேண்டும்.

கீழ்த்தளத்தில் நல்ல அறை இருக்கிறது. அங்கே போட்டால் தலைவலி இல்லை. ஆனால் அந்த அறையின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. போன நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது வந்த தண்ணீர். 2020 நவம்பரில் நிவர் புயல் கடந்ததும் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில்தான். "கீழே வைக்க எனக்குத் தைரியம் இல்லை, மாடியில்தான் வேணும்" என்கிறார். நியாயம்தான். மேசைத் துணிக்கு அடியில் இருக்கும் ஸ்லேட் கல்லுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. அதைத் தாங்கும் மகாகனி சட்டம் உப்புத் தண்ணீரில் ஒருமுறை ஊறினால் பிறகு ஒருபோதும் நேராகாது.

மாடி அறை 23க்கு 17 அடி. மேசை 12க்கு 6தான். ஆனால் குஷனை ஒட்டி நிற்கும் பந்தை அடிக்க, கியூவைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும். அதனால் அறை 22க்கு 16க்குக் குறையக் கூடாது. அறை தேறியது, படிக்கட்டு தேறவில்லை. வரைபடத்தில் நான்கு அடி அகலம். டேப்பைப் பிடித்தால் மூன்றடி இரண்டு அங்குலம், நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஆறடி நீளக் கல்லை நான்கு பேர் குத்துவாக்கில் பிடித்துக்கொண்டு அங்கே திரும்பவே முடியாது. கல் சரிந்தால் சுவருக்கும் அதற்கும் நடுவில் இருப்பது மனிதன்.

கிழக்குப் பக்கத்து ஜன்னல் ஆறரை அடி அகலம். கிரில்லோடு சட்டத்தைக் கழற்றிவிட்டால் அதுதான் வாசல். கல் ஒவ்வொன்றையும் வெளியே தொங்கவிட்டு மேலே தூக்கி, உள்ளே வாங்க வேண்டும்.

அடுத்தது தரை. வீட்டு அறைகளுக்கான கான்கிரீட் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவது நம் ஊர் வழக்கம். இந்த மேசை ஏறத்தாழ 1,400 கிலோ. அது நிற்கும் இடம் ஆறே முக்கால் சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் மேசை ஒன்றே அந்தக் கணக்கைத் தொட்டுவிடுகிறது. அதிலும் எடை பரவி இறங்காது, எட்டுக் கால்களில் இறங்கும், ஒரு காலுக்கு 175 கிலோ. வீட்டைக் கட்டிய பொறியாளர் பீம் எங்கெங்கே போகிறது என்று படம் அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் தந்தால்தான் வேலையைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் கப்பல்காரர், எடை தெரிந்தவர். கோபித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, திங்கள். சென்னை

ஒப்புதல் வந்துவிட்டது. அறையின் குறுக்கே இரண்டு பீம். மேசையை வடக்குச் சுவரை நோக்கிச் சற்றுத் தள்ளினால் நான்கு கால்கள் பீம்மேல் விழுகின்றன. மற்ற நான்கும் சுவர்ப் பக்கமாக, தளம் கெட்டியாக இருக்கும் இடத்தில்.

இன்று முழுக்கக் கழற்றும் வேலை. முதலில் பாக்கெட் வலைகள், பிறகு குஷன் போல்ட்டுகள், பிறகு துணி. துணியை உரித்ததும் கல் தெரிந்தது. சாம்பல் நிறம், நடுவில் லேசாக ஊதா. ஐந்து கல், ஒவ்வொன்றும் ஆறடிக்குமேல் நீளம், இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், இரண்டு அங்குலக் கனம். தனிக்கல் ஒன்று 180 கிலோவுக்குக் குறையாது. பக்கவாட்டில் பித்தளை முளைகள் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லின் துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. பழைய பூச்சை மரச் சீவுளியால் கிளறி எடுத்து, ஆப்பை மெதுவாகத் தட்டித் தட்டித்தான் பிரிக்க வேண்டும். கடப்பாரையைக் கல்லின் ஓரத்தில் வைத்து நெம்பினால் சில்லு தெறிக்கும். அந்த ஓரம் பிறகு துணிக்கு அடியில் எப்போதும் ஒரு பள்ளமாகவே நிற்கும்.

பக்கவாட்டுச் சட்டத்தில் தகடு இருக்கிறது: பரோஸ் அண்ட் வாட்ஸ், சோஹோ ஸ்கொயர், லண்டன். 1836ல் தொடங்கிய கம்பெனி. கற்களின் ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் வெட்டியிருக்கிறது. அந்த வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துத்தான் தேய்த்திருப்பார்கள்.

கற்களைத் தூக்கியதும் கீழே சட்டத்தின் மரத்தில் பென்சில் எழுத்து. ஒரு முனையில் 'வடக்கு', மறு முனையில் 'தெற்கு', பக்கத்தில் 1961. யாரோ ஒரு சென்னை ஃபிட்டர். அழகான கையெழுத்து, 'க்'கின் புள்ளியைக்கூட அழுத்தி வைத்திருக்கிறார். எனக்குத் தொழில் சொல்லித்தந்த மாமாவும் இப்படித்தான் எழுதிவைப்பார். அடுத்தவன் வந்து திறக்கும்போது அவனுக்கு வழி தெரிய வேண்டும் என்பார். உதவிக்கு வந்த தம்பி ஈரத்துணியோடு அதைத் துடைக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்லேட் ஏன் என்று அவன் கேட்டான். ஆரம்பத்தில் மேசைப் பரப்பும் மரம்தான். மழைக்காலத்தில் வீங்கும், கோடையில் வளையும். லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்பவர் 1820களில் ஸ்லேட்டைக் கொண்டுவந்தார். அந்தக் கல் தகடு தகடாகப் பிளக்கும், அதனால் தட்டையாகச் சீவ முடியும். ஈரம் உறிஞ்சாது, வளையாது. எடை கூடியது அப்போதிருந்துதான். இன்று நாம் தூக்கிச் சுமப்பதெல்லாம் பந்து நேராக ஓட வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒவ்வொரு கல்லுக்கும் பலகைக் கூடு அடித்தோம். கல் படுத்துப் போகக் கூடாது, நிமிர்ந்துதான் போக வேண்டும். படுத்த கல்லின் அடியில் லாரி குதித்தால் நடுவில் விரிசல் விழும்.

பிப்ரவரி 11, செவ்வாய். மரக்காணம்

தைப்பூசம். லாரிக்காரர் வடலூருக்கு ஜோதி தரிசனத்துக்குப் போய்விட்டார், நாளைக்குத்தான் வண்டி. நான் மட்டும் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

பாதையைப் பார்க்க நடந்தேன். ஃபெஞ்சலில் இந்த உப்பளங்கள் எல்லாம் மூழ்கியிருந்தன. வரப்பு கரைந்து, பாத்தியில் சேறு ஏறி, இப்போதுதான் திரும்பத் தூக்கிக் கட்டுகிறார்கள். தை பிறந்ததும் தொடங்க வேண்டிய வேலை இந்த வருஷம் பின்தங்கிவிட்டது. ஒரு பாத்திக்குள் ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். கால் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த கால், இடைவெளி விடாமல். களிமண் தரை இறுகி, வெடிப்பு இல்லாமல், மொழுமொழுவென்று ஆகும்வரை நாள்கணக்கில் மிதிப்பார்களாம். இதில் இயந்திரம் எதுவும் இல்லை. பாதத்துக்குத் தெரிவதுதான் அளவு.

வரப்பில் நின்ற மேஸ்திரிக்கு எழுபதை நெருங்கும் வயது. என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கல்லு மேசையா? மட்டம் பாக்கணுமே அதுக்கு?"

"ஆமாங்க ஐயா. அதான் வேலையே."

"எங்களுக்கும் அதான் வேலை" என்றார். பாத்தியில் ஒரு மூலை விரல்கடை தாழ்ந்தால் தண்ணீர் அங்கே போய் நின்றுவிடும், மேட்டில் சீக்கிரம் காய்ந்து பொருக்கு தட்டும், பள்ளத்தில் உப்பு விளையாது. அரை விரல் தண்ணீரைப் பாத்தி முழுக்க ஒரே கனத்தில் நிறுத்தத் தெரிந்தவன்தான் அளத்துக்காரன் என்றார்.

கடல்நீர், அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில், மூன்று மூன்றரை டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, 25 டிகிரி வந்ததும் உப்பு கட்டத் தொடங்கும். 30ஐத் தொடுவதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். தவறினால் மக்னீசியம் படிந்து உப்பு கசக்கும். டிகிரி மீட்டர் கொட்டகையில் இருக்கிறது. ஆனால் மேஸ்திரி தண்ணீரைக் கையில் அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தே சொல்கிறார்.

பாதையில் ஒரு மதகு இடிந்து கிடக்கிறது. மேலே பலகை போட்டிருக்கிறார்கள்; இருசக்கர வண்டி போகும். லாரி போகாது, குட்டியானையும் போகாது. அங்கிருந்து வீட்டுக்கு முன்னூறு மீட்டர் இருக்கும். நாளைக்குக் கற்கள் அதுவரைதான் வண்டியில் வரும்.

சாயங்காலம் விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஊட்டி நினைவுக்கு வந்தது. இதே மேசையில் ஆடும் ஸ்நூக்கர் ஆட்டம் பிறந்தது நம் நாட்டில்தான். 1875ல் ஜபல்பூர் ராணுவ விடுதியில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பிரதமராக இருந்தவர் வேறு ஆள்) ஏற்கனவே இருந்த ஆட்டங்களோடு நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிப்பார்த்தார். பிறகு அவர் நீலகிரிக்கு வந்தார். ஊட்டி கிளப்பில் 1882ல் ஆட்டத்தின் விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். உலகம் முழுவதும் இந்த வரலாற்றைச் சொல்லும்போது சேம்பர்லின் பெயரைச் சொல்வார்கள். மேசையை மேலே ஏற்றியவர்களை யாரும் சொல்வதில்லை.

எனக்கு அந்த மேசைதான் கண்ணில் நிற்கிறது. ரயில் மேட்டுப்பாளையம் வந்தது 1873ல். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899ல், ஊட்டியை 1908ல். அப்படியானால் 1882க்கு முன் ஊட்டி போன எந்த மேசையும் மாட்டு வண்டியிலோ மனிதத் தோளிலோ மலைப்பாதையில் ஏறியிருக்க வேண்டும். அதற்கும் முன் கப்பல். சென்னைத் துறைமுகச் சுவர்கள் அப்போது கட்டி முடியவில்லை. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், சரக்கை மசூலா படகில் இறக்கி அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கயிற்றால் தைத்த படகு அது, ஆணி கிடையாது. அலை தூக்கிப் போட்டால் வளைந்துகொடுக்கும். அந்நாளில் சென்னையில் இறங்கிய ஸ்லேட் ஒவ்வொன்றும் அந்தப் படகுக்காரர்களின் கையில்தான் இருந்திருக்கும். ஒரு பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலை ஏழரைக்கு லாரி வந்தது. மதகோடு நின்றது.

கூட வந்த நான்கு லோடுமேன்களும் திறமைசாலிகள், ஆனால் சிமென்ட் தரையில். உருளைக் கட்டை போட்டுத் தள்ளலாம் என்றார்கள். புதுச் சேறு போட்ட வரப்பில் உருளை புதையும். மேஸ்திரி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பாதையில் நடந்தார், சில இடங்களில் குதிகாலால் அழுத்தினார், சில இடங்களில் சவுக்குக் குச்சியைக் குத்தி நிறுத்தினார். மிதித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் பாத்தியிலிருந்தே கத்தினார்: "அந்த வெள்ளைப் பொருக்கு இருக்கிற எடத்துல காலை வெக்காதீங்க ணா, அடியில நண்டு வளை. மேல கெட்டியாத்தான் தெரியும்." குச்சியால் குத்திப் பார்த்தேன். ஒரு முழம் உள்ளே போயிற்று.

மேஸ்திரியின் ஆட்களையே கேட்டோம். கூலிப் பேச்சு வந்தது. அளத்தில் வாங்கும் கூலியைக் கொடுத்தால் போதும் என்று இடையில் இருந்த ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னை லோடுமேனுக்கு என்ன கூலியோ அதே கூலி, பாதைக்குப் பலகை போட்டு வழி காட்டும் பெண்களுக்கும் அதே. மழை மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் ஓட்டிவிட்டு, இந்த வருஷம் புயலால் கூடுதலாகவும் உட்கார்ந்திருந்தவர்கள். வீட்டுக்காரர் மறு பேச்சில்லாமல் சரி என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டோடு கல் 200 கிலோ. இரண்டு சவுக்குக் கழிகளில் பெல்ட் கட்டித் தொங்கவிட்டு, கழிக்கு நான்கு பேர், ஆளுக்கு 25 கிலோ. எடை ஒன்றும் பெரிதில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் தூக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. யாராவது வழுக்கினாலும் கல் நிமிர்ந்தபடியே தரையைத் தொட வேண்டும். லோடுமேன்களில் ஒருவர் கால் சேர்த்து நடக்க ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். மேஸ்திரி நிறுத்திவிட்டார். எட்டுக் கால் ஒரே நேரத்தில் இறங்கினால் வரப்பு அதிரும், ஓரம் உடையும். அவரவர் குட்டி எட்டாக வையுங்கள், கட்டை விரலை முதலில் ஊன்றுங்கள் என்றார்.

எல்லோரும் வெறுங்கால். செருப்புப் போட்ட நானும் கழற்றிவிட்டேன். சேற்றில் பாதம் பரவி, விரல்கள் விரிந்து மண்ணைக் கவ்வுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தப் பாதங்களின் தோல் தடித்து, வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு ஏறியிருக்கிறது. ஒரு கல்கூடச் சாயவில்லை.

கால்களையும் சட்டத்தையும் பிற்பகலில் கொண்டுவந்தோம். பக்கிங்காம் கால்வாய் கண்ணில் பட்டது. 1876–78 பஞ்சத்தில் வெட்டி நீட்டியது. அப்போதைய கவர்னர் பெயரை 1878ல் வைத்தார்கள். அதன் தெற்கு முனை மரக்காணம். ஒரு காலத்தில் இங்கிருந்து படகில் சென்னைக்குச் சரக்கு போனது. அந்தக் கால்வாயில் இன்று தண்ணீர் ஓட்டம் இருந்தால் கற்களைப் படகில் கொண்டுவந்து வீட்டுப் பின்னால் இறக்கியிருக்கலாம். எடைக்குத் தண்ணீரைவிட நல்ல பாதை கிடையாது.

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கும் நாள். இதற்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மொட்டை மாடியில் பதினாறு அடி இரும்பு கர்டர், மூன்றடி வெளியே நீட்டியபடி. முனையில் ஒரு டன் செயின் பிளாக். கர்டரின் பின் முனைக்கு எதிர் எடை வேண்டும். வெளியே தொங்குவது 200 கிலோ, சங்கிலியும் சேர்த்தால் 250 என்று வைத்துக்கொள்ளலாம், மூன்றடி. உள்ளே ஒன்பதாவது அடியில் எடை வைத்தால் 85 கிலோ போதும். நாங்கள் வைத்தது 500. கல் ஆடும்போது, சங்கிலி வெடுக்கென்று இழுக்கும்போது கணக்கு மாறும். மனிதர்கள் கீழே நிற்கும் வேலையில் கணக்குக்குச் சரியாக வைப்பது எனக்கு ஒப்பாது.

எதிர் எடைக்குக் கொட்டகையில் இருந்த உப்பு மூட்டைகளை எடுத்துவரலாம் என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன். மூட்டையிலிருந்து கசியும் உப்பு மொட்டை மாடியில் இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். இந்தக் கடலோரத்தில் வீடுகளின் ஆயுளைக் குறைப்பதே அதுதான். மணல் மூட்டை, அதுவும் கடற்கரை மணல் இல்லை, ஆற்று மணல்.

காற்றுதான் அடுத்த கவலை. மதியம் கடல்காற்று கிளம்பிவிட்டால் ஆறடிக் கல் பாய்மரமாகிவிடும். அதனால் ஆறரைக்கே ஆரம்பித்தோம். கல்லின் இரு முனைகளிலும் இழுகயிறு கட்டி, பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த இரண்டு மீனவத் தம்பிகள் பிடித்துக்கொண்டார்கள். கயிறு பிடிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது: இழுப்பதில்லை, தளர்த்துவதும் இல்லை, கல் எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அதைக் கை முன்கூட்டியே அறிந்து ஒரு சாண் விடுகிறது.

மூன்றாவது கல் ஜன்னல் விளிம்புக்கு வந்தபோது காற்று ஒருமுறை வீசியது. கல் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. செயினை நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. வடக்குக் கயிற்றைப் பிடித்த தம்பி சவுக்கு மரத்தில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தான், சுழற்சி நின்றது. உள்ளே இருந்த நால்வர் பெல்ட்டைப் பற்றி, கூட்டைத் தண்டவாளம் போல விரித்திருந்த சோப்புத் தடவிய பலகைமேல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு ஐந்தும் உள்ளே. கால்களையும் சட்டத்தையும் படி வழியாகவே கொண்டுபோய்விட்டோம். கற்கள் சுவரோரம் குத்துவாக்கில் நிற்கின்றன, ஒரே இடத்தில் சேர்த்து இல்லை, பீம் ஓடும் வழியில் பிரித்து.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜன்னலைத் திரும்பப் பூட்டினார்கள். சட்டம் கோத்தோம். பழைய இரும்புத் திருகுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் போட்டேன்.

பிப்ரவரி 15, சனி

மட்டம். வேலையே இன்றுதான்.

கால்களை நிறுத்துவதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூபை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி மாடிக்கு வந்திருந்தார், மேசையைப் பார்க்க ஆசை. ஒரு குவளைத் தண்ணீர் கேட்டார். அறையின் நடுவில் மெல்ல ஊற்றினார். குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தண்ணீரின் விளிம்பு பளபளப்பதையே பார்த்தார். தண்ணீர் முதலில் வட்டமாகப் பரவியது. பிறகு ஒரு பக்கம் மட்டும் நாக்கு நீட்டியது.

"தென்கிழக்குல இழுக்குது. அந்தக் கதவண்ட வரைக்கும் ஒரு விரல் இறங்கும். ஆனா இங்க நடுவுல ஒரு மேடு இருக்குது பாரு, தண்ணி ஒதுங்கிப் போவுது."

டியூபைப் பிடித்தேன். வடமேற்குக் காலுக்கும் தென்கிழக்குக் காலுக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம். தரை கழுவிய தண்ணீர் வெளியே போக வாட்டம் விட்டுப் போட்ட டைல்ஸ். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் மேடு, பீம் இருக்கும் இடம். டியூபில் எனக்கு அந்த மேடு கடைசியில்தான் அகப்பட்டிருக்கும். அவர் கண்ணுக்கு அது முதலில் பட்டது. வருஷம் தவறாமல் ஏக்கர் கணக்கில் சேற்றை மட்டம் பார்த்த கண்.

காலடியில் பத்து அங்குலச் சதுரத் தேக்குப் பலகை, அதன்மேல் கால். பருமட்டம் டியூபில், நுண்மட்டம் மெஷின் லெவலில். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டும் லெவல்தான் கல்மேல் வைக்க வேண்டும். குமிழி அதில் ஓடுவதில்லை, யோசித்து யோசித்து நகரும். நம் மூச்சுச் சூடு பட்டால்கூட நகரும் என்பதால் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும்.

நடுக் கல்லை முதலில் வைத்து மட்டம் பிடித்து, அதிலிருந்து இரு பக்கமும் போனோம். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒட்டுக் கொடுக்கப் பல ஃபிட்டர்கள் சீட்டுக்கட்டு அட்டையை நறுக்கி வைப்பார்கள். சென்னையில் சரி. இந்த ஈரத்தில் அட்டை உப்பும், மட்டம் போகும். பித்தளைத் தகட்டை மட்டும் வைத்தேன், மெல்லியது, கத்தரிக்கோலில் வெட்டும் அளவு. இரண்டு கல் சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் லெவலுக்கும் தெரியாத படி நகத்தில் தட்டும்.

ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் ஒரு கோட்டுக்கு வந்தது. நான்காவது கல் மட்டும் பிடிவாதம். அதன் கீழ்ப்புறத்தில் பழைய பூச்சு ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லைத் தூக்கிச் சுரண்டினோம், அமர்ந்துவிட்டது.

சட்டத்தின் அடியில், 1961க்குப் பக்கத்தில், இன்றைய தேதியும் எட்டுக் கால்களின் ஒட்டுக் கனமும் பென்சிலில் எழுதினேன். தண்ணீர் ஊற்றி மேட்டைக் கண்டுபிடித்தவர் பெயரையும் எழுதினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று சேர்ப்புக் கோடுகளை அடைத்து, இறுகவிட்டோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடுவது பழைய முறை. கடலோர ஈரத்தை அது உறிஞ்சிப் பொடியும். அதனால் கார் பட்டறையில் தடவும் பட்டி. இறுகியதும் நயமான உப்புத்தாளால் தேய்த்து, கையால் துடைத்து, மறுபடி தேய்த்து.

இன்று துணி. கம்பளித் துணி, மேலே ஒரு பக்கமாகப் படிந்த ரோமம். கோடு போட்ட முனையிலிருந்து கறுப்புப் பந்து வைக்கும் முனை நோக்கி அது படிய வேண்டும். உள்ளங்கையை ஓட்டினால் ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடுக்கும். தலைகீழாகப் போட்டால் மெதுவாக வரும் பந்து கடைசி அடியில் விலகும். பின்பு எந்த லெவலாலும் சரிசெய்ய முடியாது.

ஈரமான கம்பளி நீளும். ஈரத்தோடு இழுத்து அடித்தால் காய்ந்தபின் ஒரு தளர்வு, ஈரம் ஏறினால் இன்னொரு தளர்வு. பனி ஈரம் போன பிறகு, கடல்காற்று வருவதற்கு முன், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் நேரம். ஜன்னல்களைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டு, துணி அறையின் காற்றுக்குப் பழகும்வரை விரித்துப் போட்டிருந்தோம். பெரிய போட்டிகளில் கல்லின் அடியில் மின் சூடேற்றி வைத்திருப்பதும் இந்த ஈரத்துக்காகத்தான். நான்கு பேர் நான்கு பக்கம். நடுவிலிருந்து மூலைக்கு, ஒரே சீரான இழுப்பு. பாக்கெட் வளைவில் துணியை மடித்து இறக்கும்போது பேச்சு நின்றுவிடும். அங்கே ஒரு சுருக்கம் விழுந்தால் பந்து வாயில் நின்று திரும்பும். பின்களும் துருப்பிடிக்காதவைதான், சாதா இரும்பு போட்டால் ஒரு மழைக்காலத்தில் பச்சைத் துணியில் காவிப் பொட்டு வந்துவிடும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

குஷன் பூட்டி, உயரம் அளந்தேன். தரையிலிருந்து குஷன் மேல்விளிம்பு 2 அடி 10 அங்குலம். விதி அரை அங்குலம் முன்பின் விடுகிறது. இஸ்திரி போட்டு, ஸ்பாட் வைத்து, கோடு கிழித்தேன்.

பந்தை ஓட்டிப் பார்ப்பது கடைசிச் சோதனை. வேகமாக அடித்தால் எந்த மேசையும் நல்ல மேசைதான். சாய்பலகையில் வைத்துக் கையை எடுத்தால் மறு முனைக்குச் சற்று முன்பே நிற்கும் அளவு மெதுவாக விட வேண்டும். நீளவாக்கில் போய் நின்றது. குறுக்கே, மூலைவாக்கில், குஷனை ஒட்டி. ஒட்டி ஓடிய பந்து கடைசிவரை குஷனை விடவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னவை: சாயங்காலம் ஜன்னலைத் திறக்காதீர்கள். ஆடாதபோது உறை போட்டு மூடுங்கள். மேசைக்கு அடியில் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். புதுச் சுமை ஏறிய கான்கிரீட் தளம் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால் செப்டம்பரில், மழைக்கு முன், நான் வந்து மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். பீம்மேல் இல்லாத நான்கு கால்களைத்தான் முதலில் பார்ப்பேன். கற்களைத் தூக்க வேண்டி வந்தால் அப்போது அளத்தில் வேலை முடிகிற சமயம், அதே ஆட்கள் இருப்பார்கள். அவர்களையே கூப்பிடுங்கள், அதே கூலிக்கு. மேஸ்திரியின் கைபேசி எண்ணை வாங்கிக் கியூ ஸ்டாண்டின் உள்பக்கம் எழுதிக்கொண்டார்.

கூலி எல்லோருக்கும் மதியத்துக்குள் கொடுத்தாயிற்று. நான்கு மணி பஸ்ஸில் சென்னை. வியாழக்கிழமை ஏற்காட்டில் ஒரு வீடு பார்க்கப் போக வேண்டும், மரத்தரையாம். சட்டங்களின் படத்தை இன்றே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.